மூடியின் உள்பக்கம்

திரும்பி வந்த துணி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி உள்ளே வைக்க மைக்காரிக்கு மனசு வரவில்லை. கண்ணெதிரே தொங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கைக்குட்டைத் துணி. அவள் வரைந்து அனுப்பியது ஆரஞ்சு மீன். துணியில் வந்திருப்பது சளி பிடித்த மாதிரி ரோஜா நிறத்தில் ஏதோ ஒன்று. சுற்றிலும் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம், நீலம் கூடிப்போன சலவைத் துணி மாதிரி இருந்தது.

இது இரண்டாவது தடவை. முதல் தடவை துணி ஆலையின் கலர் மாஸ்டர் போனில் சிரித்தார். "மீனை ஐஸ் பெட்டியில வெச்சு வரைஞ்சியா?" என்று கேட்டார். போன வாரம் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை சாயங்காலச் சங்குக்குள்ள சரியா வரணும். இல்லேன்னா திங்கட்கிழமை அலசல் ஷெட்டுக்கு வந்துடு. உன் கண்ணு போச்சோ என்னவோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இன்று சனிக்கிழமை.

அலசல் ஷெட் என்றால் இந்த வீட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சாயம் ஏற்றிய துணியைத் தண்ணீரில் புரட்டி எடுக்கிற இடம். ஈரத்துணி பிணம் மாதிரி கனக்கும். முட்டிவரை ரப்பர் பூட்ஸ் உண்டு. ஆனாலும் உள்ளே தண்ணீர் வந்துவிடும். வந்த தண்ணீர் வெளியே போகாது. ஷிப்ட் முடிந்து பூட்ஸைக் கழற்றினால் கால் விரலிடுக்கில் தோல் வெளுத்துப் பிய்ந்து நிற்கும்.

மைக்காரி அங்கே நின்றவள். அந்தப் பெயரே அங்கே வந்ததுதான். சாப்பாட்டு வேளையில் நூல்கட்டு அட்டைகளில் எதையாவது வரைந்துகொண்டிருப்பாள், விரலெல்லாம் மை. ஒரு அட்டை மாஸ்டர் கண்ணில் பட்டது. வீட்டில் உட்கார்ந்து வரைந்து, ஸ்கேன் பண்ணி அனுப்புகிற வேலை வந்தது. ஆலையில் தாளைக் கையில் வாங்க மாட்டார்கள். அச்சு மிஷின் கேட்பது கம்ப்யூட்டரில் வருகிற படத்தைத்தான். மூடப்போகிற ஒரு போட்டோ கடையில் பழைய ஸ்கேனர் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அவள் ஷெட்டை விட்டு வெளியே வந்தாள்.

விரலிடுக்கு இப்போதுதான் காய்ந்திருக்கிறது.

"இன்னும் அதையே முறைச்சுக்கிட்டு இருக்கியா?" என்றான் அவள் புருஷன், டீயை ஊதிக்கொண்டே. அதே ஆலையில் பாய்லர் ஓட்டுகிறவன். தெருவில் அவனுக்குப் பாய்லர்காரன் என்றுதான் பெயர்.

"முறைச்சா நிறம் மாறுதான்னு பாக்குறேன்."

"மாஸ்டர் கெட்டவர் இல்ல. ஷெட்டுல உன் இடத்தை இன்னும் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கார்."

"பூட்ஸையும் வெச்சிருக்காரா? ஓட்டையோட?"

அவன் சிரிக்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டான். ஆவி பட்டுப் பட்டு முழங்கைவரை முடி முளைக்காத கை. "நானும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான். சண்டைக்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான்.

"இல்லேன்னு யாரு சொன்னா?"

"வரையற வேலை நிலைச்சா நல்லது. நிலைக்கலேன்னா உடைஞ்சு போயிடாதே. அதுக்குச் சொல்றேன்." டம்ளரை வைத்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்தான். ஹெல்மெட்டுக்குப் பூப்போட்ட உறை ஒன்று மாட்டியிருந்தது. "அம்மா. இதை எப்ப தைச்சீங்க?"

ஜன்னலோரம் தையல் மிஷினில் இருந்த அத்தை திரும்பாமல் சொன்னாள்: "தூசி படியுதுல்ல."

"இதைத் தூக்கிட்டுப் போனா பாய்லர்ல இருக்கறவன்லாம் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். அங்க வேற என்ன சந்தோஷம் இருக்கு அவனுங்களுக்கு?"

இந்த வீட்டில் சட்டை போடாத சாமான் கிடையாது. ரிமோட்டுக்கு உறை, ரொட்டி டப்பாவுக்கு உறை, குடைக்கு ஒரு உறை, அந்த உறையை மாட்டி வைக்க ஒரு பை. அத்தை தெருவுக்கே தைக்கிறவள். மிச்சம் விழுகிற துணி எதையும் தூக்கிப் போட மாட்டாள். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் தனக்கும் அளவெடுத்துவிடுவாள் என்று பாய்லர்காரன் சொல்வான்.

ஸ்கேனருக்கும் வெளியே ஒரு உறை உண்டு. உள்ளேயும் அத்தையின் கைவேலை ஒன்று இருந்தது. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த பழைய நுரைத் தகடு பொடிப்பொடியாகக் கண்ணாடிமேல் உதிர ஆரம்பித்தபோது, அத்தை அதைப் பிய்த்தெறிந்துவிட்டு அதே அளவில் மெத்தென்று ஒரு துணித் திண்டு தைத்து ஒட்டிக் கொடுத்திருந்தாள். அதற்கப்புறம் கண்ணாடியில் பொடி விழுவதே இல்லை.

பாய்லர்காரன் உறையோடேயே ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு போனான்.

மைக்காரி முதலில் கண்ணாடியைத் துடைத்தாள். பழைய பருத்தித் துணி, ஒரு சொட்டுத் தண்ணீர், பிறகு காய்ந்த துணி. மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். மீன் அட்டையைக் குப்புறப் போட்டு, மூடி, ஸ்கேன் கொடுத்தாள். உள்ளே வெளிச்சக் கோடு நகர்ந்து போனது. ஸ்கிரீனில் மீன் வந்தது. அதே சளி மீன்.

தூசி இருந்தால் கோடு விழும், புள்ளி விழும். படம் முழுக்க ஒரே மாதிரி நீலம் பூக்காது. அது அவளுக்கே தெரியும். தெரிந்தும் துடைத்தாள், சுலபமானதிலிருந்து ஆரம்பித்தால் தெம்பாக இருக்கும்.

அடுத்து ஸ்கிரீன். பழைய ஸ்கிரீன், வாங்கிய நாளிலிருந்தே கொஞ்சம் நீலம். அதனால்தான் அதில் தெரிகிற நிறத்தை அவள் நம்புவதில்லை. நீலமாகத் தெரிந்தாலும் உள்ளே படம் சரியாகத்தான் இருக்கும் என்று அனுப்பிவிடுவாள். இன்று அந்தப் படத்தைப் போனுக்கு அனுப்பித் திறந்து பார்த்தாள். போனிலும் மீன் ரோஜா. பின்னால் நீலம்.

அப்படியானால் ஸ்கிரீன் இல்லை. படமே கெட்டுத்தான் பிறக்கிறது.

சில ஸ்கேனரில் லைட் சூடேறினால்தான் நிறம் ஒழுங்காக வரும் என்று போட்டோ கடைக்காரர் சொல்லியிருந்தார். வெறும் கண்ணாடியைச் சும்மா பல தடவை ஓட்டிவிட்டு மறுபடி மீனைப் போட்டாள். மாற்றமில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நர்சம்மா. எதிர் வரிசை வீடு. ஆஸ்பத்திரியில் கண் வார்டில் வேலை. கையில் வெள்ளைக் கோட்டு.

"என்னக்கா, நான் டியூட்டிக்குப் போறேனா, பேண்டு வாசிக்கப் போறேனா?" கோட்டை அத்தையின் மடியில் போட்டாள். வெள்ளைத் துணியில் இரண்டு பையைச் சுற்றியும் மஞ்சள் நூலில் தையல் ஓடியிருந்தது.

அத்தை கோட்டைத் திருப்பிப் பார்த்தாள். "மிஷின்ல மாட்டியிருந்த நூல். அப்படியே ஓடிடுச்சு. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?"

"எதிர் வீடுதானேக்கா."

"இந்த வெயில்ல அதுவே தூரம். வெச்சுட்டுப் போ. பிரிச்சுத் தைக்கறேன்."

"டாக்டர் கேக்கறார், பை எங்க இருக்குன்னு மறந்துடும்னு சுத்திக் கோடு போட்டு வெச்சிருக்கியான்னு."

மைக்காரி சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை.

"வார்டுல எல்லாருக்கும் புதுக் கோட்டு வருது" என்றாள் நர்சம்மா, குரலை இறக்கி. "தையலை உங்ககிட்டக் குடுக்கச் சொல்லி நான்தான் சொல்லியிருக்கேன். அதனால கேக்கறேன். கொஞ்சம் இப்படி வெளிச்சத்துக்குத் திரும்புங்க, அக்கா. கண்ணுல என்ன—"

"பஞ்சுத் தூசி." அத்தை முகத்தை மிஷின் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உனக்கு யாரைப் பார்த்தாலும் நோயாளி. நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்க."

நர்சம்மா ஒரு நொடி நின்றாள். அப்புறம் மைக்காரியைப் பார்த்து, உன் மாமியார் அப்படித்தான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அத்தை மிஷினை இன்னும் ஜன்னலுக்கு நெருக்கி இழுத்துப் போட்டாள். "இந்த ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கணும். வெளிச்சமே வரமாட்டேங்குது" என்று முணுமுணுத்தாள்.

மைக்காரி போன வாரம்தான் அதைத் துடைத்திருந்தாள். மாமியாரிடம் அதை எதற்குச் சொல்வது என்று ஸ்கேனர் பக்கம் திரும்பினாள்.

அவளுக்குத் தன் கவலையே பெரிதாக இருந்தது. கண்ணாடி இல்லை, ஸ்கிரீன் இல்லை, லைட் இல்லை. மிச்சம் இருப்பது அவள்தான். 'உன் கண்ணு போச்சோ என்னவோ.' மாஸ்டர் வாயில் வந்ததைச் சொன்னார். ஆனால் ஷெட்டில் அந்த ஆவி, அந்தச் சாயத் தண்ணீர், எத்தனை தடவை கண்ணில் தெறித்தது. அங்கே வேலை பார்த்த பெண்கள் சிலபேர் கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் பேசுவார்கள்.

மீன் அட்டையை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மறு கண்ணை மூடிப் பார்த்தாள். ஆரஞ்சுதான். ஆனால் அவள் கண்ணைப் பற்றி அவள் கண்ணையே கேட்டால் என்ன பதில் வரும்?

அட்டையை அத்தையிடம் நீட்டினாள். "அத்தை, இது என்ன நிறம்?"

"ஏன், உனக்குத் தெரியாதா? ஆரஞ்சு."

"சுத்தி?"

"வெள்ளை."

"இங்க வாங்க. ஸ்கிரீன்ல பாருங்க. இது?"

அத்தை எழுந்து வந்து குனிந்தாள். "மீன் கொஞ்சம் மங்கலா இருக்கு."

"சுத்தி என்ன நிறம்?"

"வெள்ளை."

"நீலம் ஏறலையா?"

"எங்கடி நீலம்? அட்டையில இருக்கற மாதிரிதான் இருக்கு. நீயா எதையாவது நினைச்சுக்கிட்டுக் குழம்பாதே." அத்தை போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

மைக்காரி ஸ்கிரீனையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். தையல்காரி சொல்கிறாள், இரண்டும் ஒன்றுதான் என்று. காலமெல்லாம் துணியோடும் நூலோடும் கிடந்த கண் அது. இவளுக்கு மட்டும்தான் நீலம் தெரிகிறதா? மாஸ்டருக்கும் தெரிந்ததே. அவர் சொன்னதைக் கேட்டபிறகுதான் இவளுக்குத் தெரிய ஆரம்பித்ததோ?

சாப்பிடத் தோன்றவில்லை. ஒரு துண்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டு கால் விரல்களைப் பார்த்தாள். புதுத் தோல், குழந்தையின் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக. திங்கட்கிழமை அது மறுபடி ஊறும்.

கதவை யாரோ தள்ளினார்கள் என்று நினைத்தாள். காற்றுதான். கதவு அசைந்து, ஆணியில் இருந்த துணி கீழே விழுந்தது. எடுக்கப் போனாள். கைக்குட்டைத் துணிக்கு அடியில் இன்னொரு துணியும் இருந்தது. அதே மூட்டையில் வந்ததுதான். படுக்கை விரிப்புக்கான மாதிரித் துண்டு. பெரிய திமிங்கலம், அதன் முதுகுக்கு மேலே ஒரு குட்டிப் படகு. அதை மாஸ்டர் குறையே சொல்லாமல் எடுத்துக்கொண்டார். சரியாக வந்ததைப் பற்றி யார் பேசுகிறார்கள். அவளும் அதை மறந்தே போயிருந்தாள்.

படகு ஆரஞ்சு.

மீனுக்கு எடுத்த அதே டியூபில் எடுத்த ஆரஞ்சு. அதே தூரிகை. மீனை ஸ்கேன் பண்ணிய அதே மத்தியானம் திமிங்கலத்தையும் பண்ணினாள். துணியில் படகு ஆரஞ்சாகவே வந்திருக்கிறது. சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது.

இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் போயிருந்தால் இரண்டுக்கும்தான் போயிருக்க வேண்டும். ஸ்கேனர் கெட்டிருந்தால் இரண்டையும்தான் கெடுத்திருக்க வேண்டும்.

வேறு என்ன? தாள் ஒன்றுதான், பெரிய தாளை வெட்டித்தான் மீனுக்கு அட்டை எடுத்தாள். திமிங்கலம் பெரிய தாளில். மீன் உள்ளங்கை அகலத்தில்.

பெரிசு சரி. சின்னது தப்பு.

பழைய படங்களைத் திறந்து பார்த்தாள். நத்தை, கோப்பை, சாவி, எல்லாம் சின்ன அட்டை. எல்லாம் நீலம். விரிப்புப் படங்கள் எல்லாம் பெரிய தாள். எல்லாம் சரி. இன்னும் பின்னால் போனால், ஆரம்பத்தில் செய்த சின்ன அட்டைகளும் சரியாக இருந்தன. நடுவில் எங்கேயோ ஏதோ மாறியிருக்கிறது.

மீன் அட்டையைக் கண்ணாடிமேல் வைத்தாள். மூடியை இறக்கப்போன கை நின்றது.

திமிங்கலத் தாள் கண்ணாடி முழுவதையும் மறைக்கும். மீன் அட்டை நடுவில் ஒரு தீவு மாதிரி கிடக்கிறது. சுற்றிலும் வெறும் கண்ணாடி. மூடினால் அந்தக் கண்ணாடிமேல் படிவது மூடியின் உள்பக்கம்.

மூடியை முழுசாகத் தூக்கி உள்ளே பார்த்தாள். அத்தை தைத்த திண்டு. வெளிர் மஞ்சள், வெண்ணெய் நிறம். தினமும் பார்த்த மஞ்சள்தான். பழைய தகடும் வயசாகி ஓரத்தில் லேசாக மஞ்சள் தட்டித்தான் இருந்தது. அதனால் இது கண்ணை உறுத்தவே இல்லை. மேலும், அவள் எப்போதும் மீனைச் சுற்றி மட்டும் கட்டம் கட்டித்தான் எடுப்பாள். படத்தில் விழாத துணி படத்தை எப்படிக் கெடுக்கும்?

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மீன் அட்டைக்கு மேலே போட்டு, கண்ணாடி முழுக்க மறைத்து, மூடினாள். ஸ்கேன் கொடுத்தாள்.

ஆரஞ்சு மீன்.

தாளை எடுத்துவிட்டுக் கொடுத்தாள். சளி மீன். தாளைப் போட்டாள். ஆரஞ்சு. இதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்தாள், சந்தோஷத்துக்காக.

கம்ப்யூட்டரில் 'ஆட்டோ கலர்' என்று ஒரு இடத்தில் டிக் போட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, தாள் இல்லாமல் ஓட்டினாள். அப்போதும் மீன் சரியாக வந்தது. அப்போதுதான் முழுசும் புரிந்தது. அந்தப் பெட்டி கட்டத்துக்குள் மட்டும் பார்ப்பதில்லை. கண்ணாடி முழுக்கப் பார்க்கிறது. எங்கே பார்த்தாலும் மஞ்சள். சரி, இதுதான் இந்த வீட்டு வெள்ளை போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, அந்த மஞ்சளை வெள்ளையாக்க எல்லாவற்றின் மேலும் நீலத்தை ஏற்றிவிடுகிறது. ஆரஞ்சு மீனுக்கும் சேர்த்து.

கண் போகவில்லை. உடனேயே கோபம் வந்தது. இரண்டு தடவை துணி திரும்பி வந்தது. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. எல்லாம் ஒரு திண்டுக்காக. உறை போடுகிற வியாதிக்காக.

"அத்தை" என்றாள். குரல் அவளுக்கே கொஞ்சம் உயர்வாகக் கேட்டது. "இந்த மூடிக்கு உள்ள தைச்சு வெச்சீங்களே. அதுக்கு எதுக்கு மஞ்சள் துணியை எடுத்தீங்க?"

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"எந்த மஞ்சள்?"

"இதோ, இதுதான்."

"வெள்ளைதானே அது" என்றாள் அத்தை. "நர்சு கோட்டுல மிச்சம் விழுந்த துணி. உன் பெட்டி வெள்ளையா இருந்துச்சேன்னு வெள்ளையாத் தேடி எடுத்தேன்."

மைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

அத்தையின் மடியில் நர்சம்மாவின் கோட்டு கிடந்தது. பைகளைப் பிரித்து, புதிதாகத் தைத்து முடித்திருந்தாள். நேர்த்தியான தையல். ஒரு இழை கோணவில்லை.

மஞ்சள் நூல்.

ஜன்னல் வெளிச்சம் அத்தையின் முகத்தில் நேராக விழுந்தது. மைக்காரி முதல் தடவையாக அந்தக் கண்ணை உற்றுப் பார்த்தாள். கருவிழிக்குள் டீயில் பால் கலக்க ஆரம்பித்த மாதிரி ஒரு கலங்கல். இரண்டு கண்ணிலும்.

ஸ்கிரீனில் நீலம் தெரியவில்லை என்று அத்தை சொன்னது பொய் இல்லை. பெட்டியும் அத்தையும் ஒரே தப்பைத்தான் செய்திருந்தார்கள். பெட்டிக்கு ஒரு வெள்ளைத் தாள் போதும்.

"என்னடி அப்படிப் பாக்குறே?"

"ஒண்ணுமில்ல அத்தை. வேலை இருக்கு."

போய் உட்கார்ந்தாள். கை தானாக வேலையைச் செய்தது. மீன், நத்தை, கோப்பை, சாவி. ஒவ்வொன்றாக வைத்து, மேலே தாள் போட்டு, மூடி, எடுத்தாள். ஒவ்வொன்றையும் போனில் திறந்து, அட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அனுப்பினாள். முதுகுக்குப் பின்னால் மிஷின் சத்தம் கேட்கவே இல்லை.

சங்கு ஊதுவதற்கு முன்பே போன் அடித்தது.

"என்ன, கண்ணு திரும்பி வந்துடுச்சா?" என்றார் மாஸ்டர்.

"அது போகவே இல்ல, மாஸ்டர்."

"அப்ப இத்தனை நாளா என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தே?"

"வெள்ளை எதுன்னு பெட்டிக்குத் தெரியல. சொல்லிக் குடுத்துட்டேன்."

"என்னமோ. துணியில ஒரு துண்டு அடிச்சுப் பார்த்தேன். மீன் உயிரோட இருக்கு. ஷெட்டுக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன். அடுத்த செட்டுல பறவை வேணும். சின்னச் சின்னதா."

போனை வைத்தபிறகு மைக்காரி கொஞ்ச நேரம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விரல்களை விரித்தாள், மடக்கினாள். காய்ந்த விரல்கள்.

சங்கு ஊதி அடங்கியபின் பாய்லர்காரன் வந்தான். வாசலிலேயே முகம் கேள்வியாக இருந்தது.

"திங்கட்கிழமை நீங்க மட்டும் போனாப் போதும்" என்றாள்.

அவன் ஹெல்மெட்டை மெதுவாக வைத்தான். பெரிதாக எதுவும் சொல்லத் தெரியாதவன். "நல்லது" என்றான். பிறகு, "என்னதான் கோளாறு அதுல?"

ஜன்னலோரம் அத்தை நிமிர்ந்தாள்.

மைக்காரி ஸ்கேனரை அதன் உறைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். "கண்ணாடியில தூசி" என்றாள். "மூலையில. துடைச்சேன், சரியாப் போச்சு."

"இவ்வளவுதானா? இதுக்கா ஒரு மாசமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே? அம்மா, பெட்டிக்கு இன்னொரு உறை தைச்சுப் போடுங்க. தூசியாம்." ஹெல்மெட் உறையைத் தட்டிக் காட்டினான். "இதைப் பார்த்து நாலு பேர் கேட்டாங்க, எங்க வாங்கினேன்னு. உங்களுக்கு ஆர்டர் வந்தாலும் வரும்." சிரித்துக்கொண்டே குளிக்கப் போனான்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அத்தை எழுந்து வந்தாள். கையில் நூல் டப்பா. மைக்காரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, டப்பாவைக் கவிழ்த்தாள். நூல்கட்டுகள் உருண்டன.

"தூசின்னு ஏன் சொன்னே?"

"தூசியும்தான் இருந்துச்சு."

"நான் செவிடு இல்ல. நீ போன்ல பேசினதைக் கேட்டேன்." இரண்டு நூல்கட்டுகளைப் பொறுக்கி, இரு கையிலும் பிடித்தாள். ஒன்று வெள்ளை. ஒன்று மஞ்சள். இரண்டையும் முன்னே நீட்டினாள். "எது வெள்ளை?"

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தை அவளிடம் எதையும் கேட்டதில்லை. சொல்வாள், திட்டுவாள், தைத்துக் கொடுப்பாள். கேட்டதில்லை.

மைக்காரி வலது கையிலிருந்த நூலைத் தொட்டாள்.

அத்தை அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம் அடுத்ததை. நீண்ட நேரம் பார்த்தாள். "தொட்டுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றாள், நூலைக் குறை சொல்வதுபோல. "எல்லாத்தையும் பிரிச்சு வை. வெள்ளையைத் தனியா ஒரு பையில போடு. பை நானே தைச்சு வெச்சிருக்கேன்."

"எத்தனை நாளா அத்தை?"

"பிரிச்சு வைன்னேன்."

மைக்காரி பிரிக்க ஆரம்பித்தாள். வெள்ளை இந்தப் பக்கம். மஞ்சள் அந்தப் பக்கம். நடுவில் சாம்பல், கறுப்பு, கரு நீலம். கறுப்பு என்று அத்தை சேர்த்து வைத்திருந்ததில் பாதி கரு நீலம். அதையும் தனியாகப் பிரித்து வைத்தாள்.

"அந்தத் திண்டைப் பிய்ச்சுப் போட்டுட்டியா?"

"இல்ல. மெத்துனு இருக்கு, அட்டையை நல்லா அமுக்கிப் பிடிக்குது. மேல ஒரு தாள் போட்டுக்கறேன்."

அத்தை தலையாட்டினாள். கோட்டை எடுத்து மடியில் விரித்துப் பிரிக்கத் தொடங்கினாள், இரண்டாவது தடவையாக. கண்ணால் அல்ல, விரல் நுனியால் தையலைத் தேடித் தேடி.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அத்தை குரலை இறக்கினாள்.

"காலையில அவ வருவா. கோட்டை நீ குடுத்துடு. நான் கடைக்குப் போயிருக்கேன்னு சொல்லு."

"கோட்டு ஆர்டர் விஷயமா உங்களைப் பாக்கணும்பாங்களே."

"ஆர்டருக்காகத்தான் சொல்றேன். கண் வார்டுக்காரி. என் மூஞ்சியை ஒரு தடவை வெளிச்சத்துல பார்த்தான்னா, நாளைக்கே என்னைக் கட்டில்ல படுக்க வெச்சுக் கண்ணைக் கட்டிடுவா. அப்புறம் யாரு தைக்கறது? யாரு கோட்டு குடுப்பா எனக்கு?" பிரிந்த மஞ்சள் இழையை இழுத்து உருட்டித் தரையில் போட்டாள். "சொல்றியா?"

மைக்காரி வெள்ளை நூலை எடுத்து மிஷினில் மாட்டினாள். ஊசிக் காதில் நூலை நுழைத்து, முடிச்சுப் போடாமல் நீளமாக இழுத்துவிட்டு, நாற்காலியை அத்தைக்கு நகர்த்திப் போட்டாள்.

"தைங்க அத்தை. வெள்ளைதான்."

"நீ பதில் சொல்லலை."

ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது. நர்சம்மா டியூட்டியிலிருந்து வந்துவிட்டாள்.

"காலையிலதானே வர்றாங்க" என்றாள் மைக்காரி. எழுந்து போய், எதிர் வீட்டுக்குத் தெரியும்படி ஜன்னல் பக்கத்து விளக்கையும் போட்டாள்; அத்தையின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது.